நிறத்தைக் கேட்காத வினாக்கொத்து

உடல் தோற்றம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை நம் பிள்ளைகளை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. இதைச் சொன்னால், உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதானே, இதில் என்ன இனம், என்ன நிறம் என்று கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது.

சித்தியின் மகள் கம்பஸில் இறுதியாண்டு ஆய்வுக்கு இளம் பெண்களின் தோற்றக் கவலையை எடுத்திருக்கிறாள். வினாக்கொத்தைத் தமிழாக்கவும், திருகோணமலை உப்புவெளியில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ஆங்கில வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து வாங்கவும் நானும் கூடப் போனேன். கேள்வி முழுக்க எடை, இடுப்பு, தொடை, வயிறு. சாப்பிட்ட பிறகு குற்ற உணர்வு வருகிறதா, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா, இப்படி. 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் பிள்ளைகள் மேலிருந்து கீழே புள்ளடி போட்டுக்கொண்டே போனார்கள். கூட்டிப் பார்த்தால் திருகோணமலைப் பெண்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி ஒரு கவலையும் இல்லை என்றுதான் வரும். அதே பிள்ளைகள் வகுப்பு விட்டதும் முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டி, முழங்கை தாண்டி உறை போட்டு, ஒரு துளி வெயில் படாமல் ஸ்கூட்டியில் ஏறுகிறார்கள். பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் நன்றாக விளையாடிய ஒருத்தி பாதியில் விட்டுவிட்டாள், ஏனென்று கேட்டேன். "கறுத்துப் போனா பிறகு ஆரு கட்டுறது எண்டு மாமி பேசினவ அக்கா. இதில நிறத்தப் பத்தி ஒண்டும் கேக்கேல்லையே?"

கேட்கவில்லைதான். இந்தத் துறையில் வருடக்கணக்காகப் பாவிக்கப்படும் ஓர் அளவுகோல் 1983இல் வந்தது, ஒல்லியில் தொடங்கிப் பருமன் வரை ஒன்பது கோட்டுச் சித்திரங்கள், நீங்கள் இப்போது எது, எதுவாக இருக்க ஆசை என்று காட்ட வேண்டும். கோட்டுச் சித்திரத்துக்கு நிறம் ஏது? உடம்பு என்றாலே பருமன் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. இது உடல் தோற்ற ஆய்வோடு நிற்கும் குறையும் அல்ல, 2003 முதல் 2007 வரை முக்கியமான உளவியல் சஞ்சிகைகளில் வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் மேற்கத்திய நாட்டவர்கள். அந்த நாடுகளின் சனத்தொகையோ உலகத்தில் 12 சதவீதம்தான்.

இதெல்லாம் கடதாசியில் இருக்கும் குறை, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தால் 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். மேரி என்ற கற்பனைப் பெண்ணுக்குச் சாப்பாட்டுக் கோளாறு இருப்பது தெரியும்படி அவளுடைய பழக்கத்தை எழுதி, மனநல சிகிச்சையாளர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே எழுத்து, மேரியின் இனத்தை மட்டும் மாற்றினார்கள். வெள்ளைப் பெண் என்று வாசித்தவர்களில் 44 சதவீதம் பேர் இது பிரச்சினை என்றார்கள், ஹிஸ்பானியப் பெண் என்றபோது 41. கறுப்பினப் பெண் என்றபோது 17. படித்த, பயிற்சி பெற்ற ஆட்கள் இவர்கள். இந்த நோய் உன்னைப் போன்றவர்களுக்கு வராது என்று தீர்ப்பு முன்கூட்டியே எழுதியாயிற்று, அந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் காதில் விழாது.

ஹொங்கொங்கில் சிங் லீ என்ற உளமருத்துவர் 1993இல் எழுதியதும் இதனோடு சேர்ந்ததே. அங்கே பசியின்மை நோயால் (அனோரெக்சியா, சாப்பாட்டைக் குறைத்து ஆபத்தாக மெலியும் மனநோய்) மெலிந்துபோன 70 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லவேயில்லை. வயிறு ஊதுகிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பயம் இருந்தால்தான் நோய் என்று மருத்துவர்களின் வகைப்பாட்டுப் புத்தகத்தில் இருந்ததால் அவர்களை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில், அந்தப் பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை கூடவிடாமல் தொடர்ந்து நடந்துகொள்வதே போதும் என்று வந்தது 2013இல்தான்.

சரி, மேற்கை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கே ஒரு சாமத்திய வீட்டில் (பூப்பெய்திய சடங்கு) பிள்ளைக்கு மேக்கப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல கறுப்பு, களையான முகம். அந்தத் தோலுக்குப் பொருந்தும் ஃபவுண்டேஷன் அந்தப் பெட்டியிலேயே இல்லை. முகத்தைச் சாம்பல் வெள்ளையாக்கிவிட்டு, பிறகு கழுத்து வித்தியாசமாகத் தெரிகிறது என்று கழுத்துக்கு, பிறகு கைக்கு, பிறகு விரலுக்கு என்று பூசிக்கொண்டே போனார்கள். பிள்ளை கண்ணாடியைப் பார்க்காமல் நின்றாள். கடையில் பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்களை வாங்குவதும் இந்த வயதில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு நடக்கிறது, வினாக்கொத்தில் இது 'கவலை இல்லை' என்று பதிவாகிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மேற்பார்வையாளர் அளவுகோலை மாற்றக்கூடாது, மாற்றினால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது என்கிறார். அதில் நியாயம் உண்டு. அதனால் அதைத் தொடாமல், கடைசிப் பக்கத்தில் சில வரிகளை வெறுமையாக விட்டு, உங்கள் தோற்றத்தில் எதைப் பற்றி மற்றவர்கள் கதைக்கிறார்கள், யார் கதைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டோம். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். நிறம், சுருட்டை முடி, மேலுதட்டு மயிர், பருத் தழும்பு, உயரம், முன்பல். மெலிவைப் பற்றியும் இருந்தது, 'எலும்பு' என்று கூப்பிடுகிறார்களாம். கதைப்பவர்கள் அனேகமாக மாமி, பெரியம்மா, கலியாணத் தரகர். ஒல்லியாக வேண்டும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள், அதையும் தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போக வேண்டும். கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதி கேள்விகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் புதிதாகச் சேர்த்திருந்த அபாயா பற்றிய கேள்வியை வெட்டச் சொன்னாள். "எங்கட பிள்ளைகளிட்ட எல்லாரும் முதல்ல இதத்தான் கேக்கிறாங்க. கிறீமுக்கு மாசம் எவ்வளவு செலவழிக்கிறீங்க எண்டு கேளுங்க." வெட்டிவிட்டோம். அங்கே அவளே உட்கார்ந்து கேட்கப் போகிறாள், நாங்கள் தாள்களைச் சேர்த்துக் கொடுப்பதோடு சரி.