கார்புரேட்டர் ஒழுகுகிறதா? ஸ்க்ரூவை முறுக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய டிராக்டரின் கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தால், பலரும் முதலில் அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் சிலிக்கான் பசை. இரண்டுமே வேண்டாம். அதிகம் முறுக்கினால் வார்ப்பு உலோகம் வளைந்து, கசிவு கூடும். சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து, பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டில் போய் அடைக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறியபின், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரை வெளிப்பக்கம் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு பெட்ரோல் டேப்பை மட்டும் திறந்து அரை மணி நேரம் கவனியுங்கள். கிண்ணம் சேரும் விளிம்பு நனைந்தால், அந்த இணைப்பில் வைக்கும் அடைப்புத் தாளான காஸ்கெட்தான் காரணம். அதை மாற்றினால் போதும். காற்று உள்ளே போகும் வழியாகப் பெட்ரோல் வந்தால் காஸ்கெட்டுக்கு அதில் வேலையே இல்லை. நீடில் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து இந்த ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் கார்புரேட்டர் கீழிருந்து மேலாக இழுக்கும் வகை. அதன் காற்றுக் குழாயின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மிஞ்சிய பெட்ரோல் வெளியே விழுவதற்காகவே வைத்தது அது. சோக் போட்டு இழுத்தபின் நாலைந்து சொட்டு விழுந்து நின்றால் கவலையில்லை. ஆனால் அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தேங்கிய பெட்ரோல், இன்ஜினிலிருந்து தீ பின்னோக்கி அடிக்கும் ஒரு பேக்ஃபயரில் பற்றிக்கொள்ளும்.

நீடில் மூடாததற்கு முக்கால்வாசி காரணம் தூசும் துருவும்தான். அடுத்தது தேய்மானம். நீடிலின் கூம்பு முனையை பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் வளையமாகக் கோடு விழுந்திருந்தால் நீடிலையும் அது போய் உட்காரும் சீட்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். புது நீடிலைப் பழைய சீட்டில் போடுவது பாதி வேலை. திருகி இறக்கும் சீட்டாக இருந்தால் அடியிலுள்ள வாஷரும் புதிதாக இருக்கட்டும். மரை வழியே கசிந்தால் எந்த நீடிலாலும் தடுக்க முடியாது.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்திருக்கிறது. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். ஈயம் வைத்து அடைக்கலாம்தான். ஆனால் உள்ளே பெட்ரோல் இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும். சொட்டுகூட மிச்சமில்லாமல் வெளியேற்றினாலும் ஈயத்தின் எடை கூடி மிதவை தாழ்ந்து மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறும். புதிது வாங்குவதே மேல்.

மிதவையின் மட்டம் பார்க்கும் முறை: மேல்மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் மிதவை தன் எடையால் நீடிலை மூடும். ஃபோர்டு 8என் டிராக்டரின் மார்வெல் ஷெப்ளர் கார்புரேட்டரில் காஸ்கெட்டுக்கும் மிதவைக்கும் இடையே கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டின் அளவு. நீடிலைத் தொடும் நாக்கை மட்டும் வளைக்க வேண்டும். மிதவையை அழுத்தி வளைத்தால், நீடிலுக்கு ரப்பர் முனை இருந்தால் அது நசுங்கும். சிறு இன்ஜின்களின் பிளாஸ்டிக் மிதவைகள் பலவற்றில் வளைக்க எதுவும் இருக்காது. கவிழ்த்த நிலையிலேயே பெட்ரோல் வரும் வழியில் சுத்தமான குழாய் வைத்து மெல்ல ஊதுங்கள். காற்று போகக்கூடாது. கம்ப்ரஸர் காற்று இதற்கு ஆகாது.

இத்தனையும் செய்து, டேங்க்கைத் துருவோடு விட்டால் சில நாளில் பழைய கதைதான். டேங்க்கைக் கழுவி, வண்டல் கிண்ணத்தையும் வலையையும் சுத்தம் செய்தபின் கார்புரேட்டரைப் பூட்டுங்கள். புவியீர்ப்பில் பெட்ரோல் இறங்கும் வண்டியில் எலக்ட்ரிக் பம்ப் மாட்டுவதும் ஒழுகலுக்கு அழைப்புதான். அரை மீட்டர் உயர டேங்க் தருவது சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அழுத்தம். 4 பவுண்டு பம்ப் நீடிலைத் தள்ளித் திறந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றுகிறீர்கள் என்றால் பழைய ரப்பர் குழாய்களையும் அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வண்டியை நிறுத்தியதும் டேப்பை மூட வேண்டும். வாரக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால், இன்ஜின் ஓடும்போதே டேப்பை மூடி அது தானாக அணையும்வரை விடுங்கள். சிறு இன்ஜின்களில் நீடில் கசிந்தால் பெட்ரோல் சிலிண்டர் வழியே ஆயிலில் இறங்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், கசிவைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.