சைகோவைச் செதுக்கியவரும் அவர் மகனும்

எங்கள் ஏ.எல். வரலாற்று வகுப்பில் யப்பான் ஒரு தவணை முழுவதும் ஓடியது. பாடத்திட்டத்தில் அதற்கு அவ்வளவு இடமில்லை. சேருக்குத்தான் விட மனம் வரவில்லை. தொக்குகாவா இயேயாசு 1603இல் ஷோகன் (நாட்டை ஆளும் படைத்தலைவர்) ஆனதையும் அவர் வம்சம் 260 வருடங்களுக்கு மேல் ஆண்டதையும் இரண்டு பாடவேளையில் முடித்துவிட்டார். சைகோ தக்கமோரியிடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

சைகோ, தெற்கே சத்சுமாவில் தாழ்ந்த படிநிலைச் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். 1868இல் ஷோகன் ஆட்சிக்கு எதிரான பேரரசரின் படை எடோ நகரை (இன்றைய தோக்கியோ) நெருங்கியபோது, ஷோகன் தரப்புக் கட்சு கைஷூவுடன் இருந்து பேசி, கோட்டையைச் சண்டையில்லாமல் கைக்கொண்டார். ஒன்பது வருடம் கழித்து, தான் உருவாக்க உதவிய அதே அரசுக்கு எதிராகச் சாமுராய்களுடன் எழுந்து, 1877 செப்டெம்பர் 24 அன்று ககோஷிமாவில் ஷிரோயாமா குன்றில் உயிர்விட்டார். பரீட்சைக்கு அவ்வளவும் போதும். சேர் மட்டும், "சரி, அதுக்குப் பிறகு?" என்று கேட்பார். கிளர்ச்சிக்காரன் என்று அழித்தவரை 1889இல் அரசு ஏன் மன்னித்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அரசியலமைப்பு வெளியான அந்த வருடத்துப் பொதுமன்னிப்பும், சனங்கள் சைகோ மேல் வைத்திருந்த அன்பும் அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தன.

இலண்டனுக்கு வந்து பல காலத்துக்குப் பிறகு, வேலை அலுவலாகத் தோக்கியோ போக வாய்த்தது. உவேனோ பூங்காவில் சைகோவின் வெண்கலச் சிலை இருக்கிறது, 1898இல் திறந்தது. இராணுவ உடுப்பு இல்லை, பதக்கம் இல்லை. சாதாரண கிமோனோவும் வைக்கோல் செருப்பும், பக்கத்தில் வேட்டை நாயும்தான். அவருடைய புகைப்படம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றும் கிடையாது. திறப்பு விழாவில் சிலையைப் பார்த்த மனைவி, தன் கணவர் இப்படி இல்லையே என்றாராம். முகமே தெரியாத ஒருவரை வடித்த சிற்பி யார் என்று தேடத் தொடங்கினேன். சேர் பழக்கிவிட்ட பழக்கம் அது.

அவர் தக்கமுரா கோவுன். புத்தர் சிலை செதுக்கும் பட்டறையில் தொழில் பழகியவர். பேரரசரின் புதிய மெய்ஜி அரசு பௌத்தத்தையும் யப்பானின் பழைய மதமான ஷிந்தோவையும் பிரித்தபோது கோயில்கள் நொந்துபோய், அந்தத் தொழிலே படுத்துவிட்டது. அப்போதும் மரத்தை அவர் விடவில்லை. வெண்கலத்தில் வார்க்கப்பட்ட சைகோவுக்கும் அவர் முதலில் செதுக்கியது மர உருவந்தான். அதே பூங்காவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய 'கிழட்டுக் குரங்கு' இருக்கிறது. 1893இல் சிக்காகோ கண்காட்சிக்குப் போன மரச்சிற்பம். கழுகின் இறகுகளைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வானத்தைப் பார்க்கும் அந்தக் குரங்குக்காகவே தோக்கியோ போகலாம்.

அதற்குப் பிறகு? மூத்த மகன் கோதாரோ. தகப்பனின் தொழிலைக் கற்று, நியூயோர்க், இலண்டன், பாரிஸ் என்று போய், பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் கலையில் தோய்ந்து திரும்பினார். நாங்கள் வாழும் இந்த இலண்டனில்தான் பேர்னார்ட் லீச்சைச் சந்தித்தார். அந்த நட்பு லீச்சை யப்பானுக்கு இழுத்து, பிறகு பெரிய மட்பாண்டக் கலைஞராக்கியது. கோதாரோ கவிஞரும்கூட. மனைவி சியெக்கோ ஓவியர். 1911இல் 'செய்தோ' என்ற பெண்கள் சஞ்சிகையின் முதல் இதழுக்கு அட்டைப்படம் வரைந்தவர். பின்னர் மனநோய் அவரை வாட்டியது. மருத்துவமனையில் சின்னக் கத்தரிக்கோலால் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி, பூவும் மீனும் பழமுமாக ஆயிரத்துக்கு மேல் படைத்தார். கணவர் வரும்போது எடுத்துக் காட்டுவாராம். 1938இல் காசநோயால் இறந்தார். என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய கலைஞர் அவர்தான்.

கோதாரோவின் அடுத்த பக்கம் கசப்பானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் போரைப் புகழ்ந்து கவிதை எழுதினார். அதை வாசித்து எத்தனையோ இளைஞர்கள் போயிருப்பார்கள். போருக்குள் வளர்ந்த எங்களால் அதைச் சும்மா கடந்துபோக முடியாது. ஆனால் தோல்விக்குப் பிறகு அவர் சாட்டுச் சொல்லவில்லை. இவாத்தே மலைப்பகுதியில் ஹனமாக்கிக்கு அருகே ஒரு குடிசையில், பனி உள்ளே வரும் குளிரில், ஏழு வருடம் தனியே இருந்தார். தன் பிழையைக் கவிதையிலும் எழுதினார். அது போதுமா என்பது வேறு விடயம். அந்த அளவுக்குக்கூடச் செய்தவர்கள் குறைவு.

1952இல் குடிசையை விட்டு வந்து, தோவாடா ஏரிக்கரைக்காக இரு பெண்கள் எதிரெதிரே நிற்கும் வெண்கலச் சிலையைச் செய்தார். 1953இல் அதைத் திறந்தார்கள். மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார். நான் இன்னும் தோவாடாவைப் பார்க்கவில்லை. அடுத்த பயணம் அங்கேதான். சேரிடம் படித்தவர்கள் யாராவது சேர்ந்து வர விரும்பினால் சங்கச் செயலாளரிடம் சொல்லிவையுங்கள். இலையுதிர் காலத்தில் போகலாம்.