திருநாதர்குன்று: 57 நாள் நோன்பைச் சொல்லும் பாறை

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரிக் கோட்டையில் ஏறி இறங்கியதும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டி இருக்கிறது திருநாதர்குன்று. அங்கே ராஜகோபுரம், அர்ச்சனைத் தட்டு, பிரசாதம் எதுவும் கிடையாது. ஆனால் தமிழ்ச் சமணத்தின் தவத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் குன்றைத்தான் சொல்வோம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு 28 கி.மீ. அளவு தூரம், திருவண்ணாமலையிலிருந்து 40 கி.மீ. அளவு. ரயிலில் வருகிறவர்களுக்குத் திண்டிவனம்தான் வசதி, அங்கிருந்து அடிக்கடி பேருந்து உண்டு. காலை வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள். வெறும் பாறை என்பதால் சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே கால் வைக்க முடியாது. இன்னொரு காரணம் இதைவிட முக்கியம்: இங்குள்ள எழுத்துகள் ஆழமில்லாதவை, வெயில் சாய்வாக விழும்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். உச்சிவெயிலில் பாறை முழுக்க ஒரே வெளுப்பாகத் தெரியும், எழுத்தின் மேலேயே நின்றுகொண்டு எழுத்தைத் தேடுவீர்கள். அதற்காகச் சாக்கட்டியால் எழுத்தின் மேல் கோடு இழுக்காதீர்கள். ஒருவர் தவறாக இழுத்த கோட்டை அடுத்து வருகிறவர் எழுத்தென்றே படிப்பார், கல்லும் தேயும். கற்பூரம், எண்ணெய், குங்குமம் எதையும் சிற்பங்களின் மேல் வைக்க வேண்டாம். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், செருப்பைச் சிற்பங்களுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில், சமணர்கள் வணங்கும் குருமார்களான 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த அழகைப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடக் கூடாது. குன்றில் நோன்பிருந்து உயிர்விட்ட இருவரின் கல்வெட்டுகள் உள்ளன. பழையது சந்திரநந்தி ஆசிரியருடையது, 57 நாள் உண்ணாமல் இருந்தவர். மற்றவர் இளைய பட்டாரகர், 30 நாள் இருந்தவர். எத்தனை நாள் நோன்பு, யார் நோற்றது, இது அவருடைய நிசீதிகை, அதாவது நோன்பிருந்து உயிர் நீத்த இடம். அவ்வளவுதான் செய்தி. எந்த ஊர்க்காரர், யாருடைய மகன், எந்த அரசன் ஆதரித்தான் என்று ஒரு சொல் இல்லை. பழைய கல்வெட்டின் எழுத்து, தமிழி என்ற தொன்மையான தமிழ் எழுத்து பின்னால் வந்த வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தைக் காட்டுகிறது.

இதைப் படித்ததும் 'இது தற்கொலை இல்லையா' என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். விதிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சல்லேகனை என்று சமணர் சொல்லும் இந்த உண்ணாநோன்பு, நினைத்த மாத்திரத்தில் எடுக்கும் விரதம் அல்ல. விலக்க முடியாத இடையூறு, பஞ்சம், தள்ளாத முதுமை, தீராத நோய் ஆகிய நான்கில் ஒன்று இருக்க வேண்டும். குரு சம்மதிக்க வேண்டும். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் மன்னித்து, பகையையும் பாசத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே உணவைக் குறைக்கத் தொடங்குவார்கள். அதுவும் ஒரே நாளில் அல்ல. முதலில் திட உணவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். பிறகு பால் போன்ற நெய்ப்புள்ள நீராகாரம், அதையும் விட்டுக் கஞ்சித் தெளிவு, வெந்நீர், கடைசியில் அதுவும் இல்லை. ஒரு படியில் மனம் கலங்கினால் அடுத்த படிக்குப் போவதில்லை. உடலை வற்றவைப்பதைவிட, கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை நான்கையும் வற்றவைப்பதையே பெரிதாகச் சொல்கிறார்கள்.

நோன்பைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்து. இன்னும் கொஞ்சம் வாழலாமே என்ற ஆசை, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற ஆசை, அச்சம், நண்பர்களை நினைத்து ஏங்குவது, இந்த நோன்பின் பலனாக மறுபிறவியில் இன்னது வேண்டும் என்று வேண்டுவது. இரண்டாவதைக் கவனியுங்கள். சாவை விரும்பினாலே நோன்பு கெட்டுவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துச் சங்ககாலத்து வடக்கிருத்தலைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரன் பெருஞ்சேரலாதன். பிள்ளைகள் பகைத்து எழுந்த வேதனையில் வடக்கிருந்தான் கோப்பெருஞ்சோழன். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுதான், உண்ணாமல் உயிர்விடுதல். ஆனால் நாணமும் வேதனையும் உந்திய நோன்பைச் சமண விதி ஏற்காது.

மற்ற நெறிகளிலும் எல்லைக்கோடு உண்டு, அதை ஒவ்வொன்றும் வேறு இடத்தில் போட்டிருக்கிறது. ரமலான் நோன்பில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் சூரியன் மறைந்ததும் நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தக் கூடாது. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, விட்ட நாள்களைப் பிறகு நோற்கலாம். கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில், ஞாயிறுகளைக் கழித்து 40 நாள் ஒறுத்தல். புத்தர் கடுந்தவம் செய்து பார்த்து, சுஜாதை கொடுத்த பாற்சோற்றை ஏற்று, அந்த வழி வேண்டாம் என்று விலகினார். சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் விரதம் முடிந்து மலையிறங்கியதும் மாலையைக் கழற்றி வீட்டு வாழ்வுக்குத் திரும்புகிறார். நம் ஊர் நேர்த்திக்கடன்களில் ஒரு வேண்டுதல் இருக்கும், அதில் பிழையில்லை. திருநாதர்குன்றின் நோன்பில் வேண்டுதலே குற்றம். எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாகத் தோன்றுவது இதுதான். பசியைப் பழக்கிவிடலாம், கேட்காமல் இருக்கப் பழகுவதுதான் எளிதல்ல.

குன்றோடு நிறுத்தாமல் மேல்சித்தாமூருக்கும் போய்வாருங்கள். செஞ்சி–திண்டிவனம் சாலையில் வந்து, வல்லத்தில் பிரிந்து போக வேண்டும். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. ஏழுநிலைக் கோபுரத்தோடு கூடிய பார்சுவநாதர் கோயிலையும், பாறைச் சிற்பங்கள் உள்ள மல்லிநாதர் கோயிலையும் பார்க்கலாம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் ஆகியவற்றை வெளியே வைத்துவிட்டுப் போவது முறை. சமணர் வீட்டில் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை, அதனால் இருட்டிய பிறகு போய்ச் சாப்பாடு கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

ஆடை உடுத்தாத திகம்பர முனிவர்கள் நடைப்பயணமாக வந்திருந்தால், அவர்கள் ஆகாரம் ஏற்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, இரு கைகளையும் சேர்த்த அந்தக் குழிவில். தண்ணீரும் அப்போது மட்டும்தான். இன்ன பொருளோடு, இன்னார் வாசலில் நின்றால்தான் ஏற்பேன் என்று முனிவர் மனதுக்குள் ஒரு நியமம் வைத்துக்கொண்டு புறப்படுவார், வெளியே சொல்ல மாட்டார். குடும்பத்தார் தேங்காய், கலசம் என்று ஏந்தி வாசலில் நின்று அழைப்பார்கள். நியமத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அன்று பட்டினியாகவே திரும்பிவிடுவார். பொருந்தி உள்ளே வந்தாலும் இடையூறு வரலாம். கவளத்தில் ஒரு முடி தென்பட்டால் போதும், கையை விரித்துவிடுவார். மறுநாள் வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அதனால்தான் அந்த வீட்டு அடுக்களையில் அவ்வளவு கவனம். தலையில் துணி கட்டித்தான் சமைப்பார்கள். அரிசியும் பருப்பும் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தவை. கிணற்றுத் தண்ணீரை இரட்டையாக மடித்த கெட்டித் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் சாகாதபடி துணியை அலசிய நீரை அதே கிணற்றில் இறக்கிவிடுவார்கள். வடிகட்டிய நீர் 48 நிமிடம் வரைதான் செல்லும், நன்றாகக் கொதிக்கவைத்தது 24 மணி நேரம் வரை. பார்க்கப் போகிறவர்கள் குளித்துத் துவைத்த துணி உடுத்தி, சற்றுத் தள்ளி நின்று, வாய் திறக்காமல் இருக்க வேண்டும். படம் எடுக்க முண்டியடிப்பதும், கூந்தலை விரித்துப் போட்டபடி அருகில் போய் நிற்பதும் கூடாது. உங்களால் ஒரு முடி பறந்து விழுந்தாலும் அன்றைய ஒரே வேளை உணவு முடிந்தது.