மானுடவியல் நூலை எங்கிருந்து வாசிப்பது?

ஒரு சமூகத்தைப் பற்றிய நூல் கைக்கு வந்ததும் சடங்கு, திருமணம் என்று சுவையான அத்தியாயங்களுக்குத் தாவத் தோன்றும். முன்னுரையில் தொடங்குங்கள். ஆசிரியர் அங்கே எவ்வளவு காலம் தங்கினார், அவர்கள் மொழியில் பேசினாரா, யார் யாரிடம் கேட்டார்? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், அதைப் பயணக்குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். தெற்கு சூடானில் மாடு மேய்த்து வாழும் நூவர் மக்களைப் பற்றி 1940இல் எழுதிய மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட், அவர்களோடு மொத்தம் சுமார் ஓராண்டுதான் இருந்ததாக முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். மிகவும் மதிக்க வேண்டிய நேர்மை அது.

அடுத்து, பென்சிலோடு ஒரு பத்துப் பக்கம். ஆசிரியர் கண்டதற்கு ஓரத்தில் ‘க’, கேட்டதற்கு ‘கே’, ஊகித்ததற்கு ‘ஊ’. ‘இவர்கள் நம்புகிறார்கள்’ என்ற வாக்கியம் வரும்போது பென்சில் நின்றுவிடும். எல்லாருமா, சொன்ன ஒருவர் மட்டுமா?

பப்புவா நியூ கினியாவை ஒட்டிய டிரோப்ரியண்ட் தீவுகளின் ‘குலா’ என்ற பரிசுப் பரிமாற்றம் பற்றி மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922இல் எழுதியதை எடுத்துக்கொள்வோம். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாகக் கடிகாரச் சுற்றில் போகும். வெள்ளைச் சிப்பிக் கைவளைகள் எதிர்ச்சுற்றில் வரும். ஒரு மாலை கைமாறுவதைப் பார்த்து எழுதியது ‘க’. அந்த மாலையின் பழைய பெருமை ‘கே’. இத்தனையும் சேர்ந்து ஒரே பெரிய அமைப்பு என்பது ‘ஊ’. பங்கெடுப்பவர் எவருக்கும் முழுச் சித்திரம் தெரியாது என்று அவரே எழுதுகிறார். ஊகம் என்பதால் அது மட்டமில்லை. அந்த நூலின் சாதனையே அந்த இடம்தான்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பக்கத்தில் இல்லாததற்கு எந்தக் குறியும் போட முடியாது. அதே தீவுகளைப் பற்றி 1976இல் ஆனெட் வைனர் எழுதிய நூல் வந்த பிறகுதான், இறப்புச் சடங்குகளில் பெண்கள் காய்ந்த வாழையிலைக் கட்டுகளைக் குவித்துப் பங்கிடுவது எவ்வளவு பெரிய செல்வப் பரிமாற்றம் என்பது புரிந்தது. மலினோவ்ஸ்கியின் கவனமெல்லாம் ஆண்களின் கொடுக்கல் வாங்கலில் இருந்தது. ஆகவே ஒரே மக்களைப் பற்றி வேறு வேறு தலைமுறையினர் எழுதிய இரண்டு நூல்களைச் சேர்த்தே வாசியுங்கள்.

மொழிபெயர்ப்பில் வாசித்தால் உறவுச்சொற்களை முதலில் சோதியுங்கள். டிரோப்ரியண்டில் சொத்துரிமை தாய்வழி. ‘தாய்மாமன்’ வர வேண்டிய இடத்தில் ‘சித்தப்பா’ என்று விழுந்திருந்தால், வாரிசுரிமை பற்றிய அத்தியாயம் முழுவதும் குழம்பிவிடும்.