ஸ்கேனர் அப்புறம் வரட்டும்

உள்ளூர் வரலாற்றைச் சேகரித்து வைத்திருக்கும் சிறு சங்கங்களுக்கு மின்னுருவாக்கம், அதாவது பழைய தாளையும் படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக மாற்றுவது, கற்றுக்கொடுப்பதில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். போகும் இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" கடைசியாகப் போன சங்கத்திலும் அதையே கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அலமாரிகளைத் திறந்து பட்டியல் போட உட்கார்ந்தோம்.

குடும்பப் புகைப்படங்கள், கூட்டக் குறிப்பேடுகள், நெகட்டிவ்கள், முதியவர்களின் பேட்டி பதிவான ஒலிநாடாக்கள். எழுதிக்கொண்டே வரும்போது எது அவசரம் என்பது தெரிந்துவிட்டது. ஒரு டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கினால் அந்த வாடை வரும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் பிலிமையும் கெடுத்துவிடும். அதைப் பிரித்து வைத்து, வரிசையில் முன்னால் கொண்டுவந்தோம். அச்சில் வெளிவந்து நல்ல நிலையில் இருக்கும் மலர்கள் கடைசிக்குப் போயின. யார் கொடுத்தது, இணையத்தில் போட அனுமதி உண்டா என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டோம். படம் நம் கையில் இருப்பதாலேயே பதிப்புரிமையும் நம்முடையது ஆகிவிடாது; எடுத்தவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ அது இருக்கலாம்.

ஸ்கேன் செய்யக் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. ஆவணங்களுக்கு 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), சிறிய புகைப்படங்களுக்கு 600, 35 மிமீ நெகட்டிவுக்கு 3000-க்கு மேல் என்று முடிவு செய்தோம். பாதுகாக்கும் மூலக்கோப்பு டிஃப் (TIFF) வடிவில், பார்ப்பதற்கு அளவில் சிறிய ஜேபெக் (JPEG) வடிவில். ஏ4 பக்கம் ஒன்றை 400-இல் வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத டிஃப் சுமார் 46 எம்பி வரும். ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியதும், சேமிப்பிடத்துக்கும் பணம் ஒதுக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. தைத்த குறிப்பேடுகளைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். ஆகவே இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில் எடுத்தோம். வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். தாளுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது. கையுறை போட்டால் தாளின் உணர்வு விரலுக்குத் தெரியாமல் ஓரம் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை.

பெரிய உழைப்பெல்லாம் விவரக்குறிப்பு எழுதுவதில்தான். ஆவணங்களைப் பற்றிய விவரங்களைப் பதிவதற்கான பொது முறையான டப்ளின் கோரில் தலைப்பு, தேதி என்பது போல 15 அடிப்படைப் புலங்கள் உண்டு. அதில் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆனால் விவரிப்பை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்: படத்தில் தெரிவது, பின்பக்கம் எழுதியிருப்பது, ஒருவர் சொன்னது. இதில் நான் பிடிவாதமாகவே இருந்தேன். ஒரு கூட்டப் படத்தின் பின்னால் ஆண்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பெண்கள் "குடும்பத்தினர்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொன்னார். அவர் சொன்ன ஒரு பெயரை இன்னொரு பெரியவர் மறுத்தார். சரி, இருவர் சொன்னதையும் சொன்னவர் பெயரோடும் தேதியோடும் பதிந்தோம். எந்த மென்பொருளாலும் இந்தப் பெயர்களைக் கண்டுபிடித்துத் தர முடியாது. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதால், அந்த வாரமே வேலை வரிசையை மாற்றி, ஆட்கள் இருக்கும் படங்களை முன்னால் எடுத்தோம். படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது வழக்கமானது.

கோப்புப் பெயரில் இடைவெளி கிடையாது, எண்ணுக்கு முன்னால் சுழியங்கள்: 0001, 0002. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) எடுத்துவைத்து, அவ்வப்போது ஒப்பிடுகிறார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு பழுதாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சங்கங்கள் தன்னார்வலர்களால் ஓடுபவை. ஒருவர் விலகினால் அவருடன் திறமையும் போய்விடும். அதனால் ஒவ்வொரு வேலையையும் இருவர் கற்றார்கள். செய்முறையை நான் எழுதித் தரவில்லை. அவர்களே தங்கள் வார்த்தையில் எழுதினார்கள். ஸ்கேனரையே தொட்டிராத ஓர் உறுப்பினரிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்து உட்காரவைத்தோம். அவர் எங்கெங்கே திணறினாரோ அந்த வரிகளையெல்லாம் திருத்தி எழுதினார்கள்.

ஒலிநாடாக்களுக்கு மட்டும் ஓடும் நிலையில் கருவி இல்லை என்பதால் வெளியே கொடுத்துச் செய்வதென்று தீர்மானித்தார்கள். அதற்கான நிபந்தனைகளை என்னைக் கேட்காமலே எழுதியிருந்தார்கள்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு (உயர்தர ஒலிக்கோப்பு), நாடாவின் இரண்டு பக்கமும் முழுதாக, இடையில் எதையும் வெட்டக்கூடாது, உறையில் கையால் எழுதியிருப்பதையும் படமெடுத்துத் தர வேண்டும். அதில் நான் சேர்க்க எதுவும் இருக்கவில்லை.