ஸ்விஃப்ட் ஆர்.எஸ்.ரி டர்போ: திருகோணமலை வெயிலில் ஒன்பது மாத வேலைக் குறிப்பு

வண்டி சுசுகி ஸ்விஃப்ட் ஆர்.எஸ்.ரி, இசட்.சி.13.எஸ். கே10சி என்ஜின்: 996 சிசி, மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்ஷன், 6 கியர் ஒட்டோ. கொம்பனிக் கணக்கில் 5500 சுற்றில் 102 குதிரைவலு, 1700 முதல் 4500 சுற்று வரை 150 நியூட்டன் மீற்றர். வண்டியின் எடை 930 கிலோ மட்டுமே, அதனால் இந்த அளவு வலு போதும். 102ஐ 140 ஆக்குவது இந்த வேலையின் நோக்கம் அல்ல. அந்த 102ஐக் கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆனி மாதத்து மத்தியானத்திலும் முழுதாக வாங்குவதுதான் நோக்கம். செய்யும் எந்த மாற்றமும் எமிஷன் மெஷின், பொலிஸ் மறிப்பு, விபத்து நடந்த இடத்துக்கு வரும் இன்சூரன்ஸ் அசெஸர் ஆகிய மூன்றின் முன்னாலும் நிற்க வேண்டும்.

மார்ச்: கடதாசி

ஸ்பானரைத் தொட முதல் சி.ஆர். புத்தகத்தை (வாகனப் பதிவுச் சான்றை) எடுத்து என்ஜின் நம்பர், சேசி நம்பர், சிசி, நிறம் நான்கையும் வண்டியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டிவரும். முழு வண்டிக்கும் வேறு நிற ஸ்டிக்கர் சுற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்கே பலர் செய்கிற பிழை, வேலை முடிந்த பிறகு முகவரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது. காப்புறுதி ஒப்பந்தம் உண்மையை முழுதாக வெளிப்படுத்துவதில் நிற்கிறது. சொல்லாத மாற்றம் ஒன்று அசெஸரின் கண்ணில் பட்டால் முழு இழப்பீடும் கேள்விக்குள்ளாகலாம். கடிதம் நீளத் தேவையில்லை. இவ்வளவு போதும்:

"மேற்படி இலக்க வாகனத்தில் பின்வரும் மாற்றங்களைச் செய்ய உள்ளேன்: ஒயில் கட்ச் கான் (ஒயில் ஆவியைப் பிடிக்கும் டப்பா) ஒன்று, இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் கூலர்) காற்றுவழிக்கு ஃபோம் அடைப்பு, வேறு தயாரிப்பு பிரேக் பட். என்ஜின், ஈ.சி.யூ (என்ஜின் கணினி), சைலன்சர், கொன்வேர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) ஆகியவற்றில் மாற்றம் இல்லை. இவற்றை ஒப்பந்தத்தில் பதிந்து எழுத்தில் உறுதிப்படுத்தவும். மேலதிகக் கட்டணம் இருப்பின் அறியத்தரவும்."

கடிதத்தோடு பில், பூட்டும் முன் ஒரு படம், பூட்டிய பின் ஒரு படம். பதில் வந்ததும் அதன் பிரதி ஒன்று டாஷ்போர்ட் பெட்டிக்குள் போக வேண்டும்.

ஏப்ரல்: இருப்பது எவ்வளவு

வண்டிக் கணினியின் அளவுகளைப் போனில் காட்டும் மலிவான ஈ.எல்.எம்.327 புளூடூத் ரீடர் போதும், ஆனால் அது மெதுவானது. பத்து அளவுகளை ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் விட்டுவிட்டுத்தான் வரும். நான்கு மட்டும் போதும்: மனிஃபோல்ட் அமுக்கம் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அமுக்கம்), உள்ளெடுக்கும் காற்றின் வெப்பம், பற்றவைப்பு முன்னேற்றம் (பிளக் எவ்வளவு முந்திப் பொறி விடுகிறது), நீண்டகால எரிபொருள் திருத்தம் (ஈ.சி.யூ பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது). காற்று வெப்பம் எந்த சென்சரிலிருந்து வருகிறது என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்து சென்சர் என்றால் வெளிக்காற்றின் சூடு மட்டும் தெரியும், டர்போ ஏற்றிய சூடு தெரியாது.

அமுக்கத்தை முழு அளவாக, அதாவது வெளிக்காற்றின் அமுக்கத்தையும் சேர்த்து, ரீடர் காட்டும். திருகோணமலை கடல்மட்டம், ஆகவே என்ஜின் நிற்கும்போது ஏறத்தாழ 101 கிலோபஸ்கால் வர வேண்டும். வராவிட்டால் சென்சரைச் சந்தேகிக்கலாம். அளவெடுக்கும் ஓட்டம் இரண்டாம் கியரில்தான். மணிக்கு 70 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். நிலாவெளி தாண்டிக் குச்சவெளி போகும் நேர்வீதி நல்லது, ஆனால் காலையில் மட்டும். பின்னேரத்தில் மாடு வீதியில் படுத்திருக்கும்.

எரிபொருள் திருத்தம் கூட்டியோ குறைத்தோ 5 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் வேறு எந்த வேலையும் தொடங்கக் கூடாது. முதலில் ஒழுக்கைத் தேட வேண்டும்.

மே: காற்று ஒழுக்கு

ஒன்பது மாதத்தில் செலவுக்குக் கூடிய பலன் தந்த வேலை இது. கடற்காற்றில் ஹோஸ் கிளிப்பின் பல் உப்பேறித் துருப்பிடிக்கும். வெளியே இறுக்கமாகத் தெரியும், உள்ளே ஹோஸைப் பிடித்திருக்காது. டர்போ ஏற்றும் காற்றில் கொஞ்சம் அங்கே போகும். ஈ.சி.யூ கேட்ட அமுக்கத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும். ஓட்டுகிறவருக்கு "இழுவை கொஞ்சம் குறைவு" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சோதனைக் கருவியை ஹார்ட்வெயார் கடைச் சாமானிலேயே செய்யலாம். டர்போவின் உள்வாய் ஹோஸைக் கலிப்பரால் அளந்து, அதற்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்று எடுக்க வேண்டும் (பெரும்பாலும் 50 அல்லது 63 மில்லிமீற்றர்). மூடியின் நடுவில் 11.5 மில்லிமீற்றர் துளை, அதில் சாதாரண டியூப்லெஸ் ரயர் வால்வு. ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் ஹோஸைக் கழற்றி மூடியைப் பூட்டி, கிராங்க்கேஸிலிருந்து (என்ஜினின் அடிப்பெட்டியிலிருந்து) வரும் மெல்லிய ஹோஸை அடைத்துவிட்டு, ரயர் பம்பால் காற்று ஏற்றலாம். 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். கூடினால் மூடி துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும், கிராங்க் சீலுக்கும் கேடு. ஏற்றும்போது மூடிக்கு நேரே நிற்கக் கூடாது.

பிறகு சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளிக்க வேண்டும். குமிழி வரும் இடம் ஒழுக்கு. டிப்ஸ்டிக் பக்கம் மெல்லிய சீறல் கேட்டால் பயப்பட வேண்டாம், பிஸ்டன் ரிங்கைத் தாண்டும் காற்று அது. சைலன்சர் வழியாக நிறையக் காற்று போனால் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வுகள் திறந்திருக்கின்றன. கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் வைத்து என்ஜினை ஓடும் திசையில் கொஞ்சம் திருப்பினால் சரி.

இந்த வண்டியில் இன்டர்கூலர் வாயிலில் ஒன்று, துரொட்டிலுக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு கிளிப் ஒழுகின. இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கிளிப் போட்டாயிற்று. சூட்டில் ஹோஸ் விரிந்து சுருங்கினாலும் ஸ்பிரிங் கிளிப் கூடவே பிடித்திருக்கும். ஹோஸின் உள்விளிம்பில் ஒயில் படிந்திருந்தால் துடைத்துக் காயவிட்டுப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கிளிப்பும் வழுக்கும்.

ஜூன்: கச்சான்

கணக்கு இப்படி. வெளிக்காற்று 35 பாகை. டர்போ அதை 1.8 மடங்குக்கு அமுக்குகிறது, அதன் திறன் 65 வீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று ஏறத்தாழ 122 பாகை. இன்டர்கூலர் ஏறிய சூட்டில் 65 வீதத்தை எடுத்தால் என்ஜினுக்குள் போவது 65 பாகை. அந்த மட்டத்தில் 10 பாகை குறைத்தால் காற்றடர்த்தி 3 வீதம் கூடும். அதைவிடப் பெரிய இலாபம் நொக்கிங் (சூட்டில் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) குறைவது. ஈ.சி.யூ பற்றவைப்பைப் பின்னுக்கு இழுக்காமல் விடும்.

பெரிய இன்டர்கூலர் வாங்கும் எண்ணம் வந்தால் முதலில் பம்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கிரில் வழியாக வரும் காற்று எல்லாம் கூலருக்குள் போவதில்லை. சுற்றியுள்ள இடைவெளியால் நழுவிவிடும், ஏனென்றால் அதற்கு அதுதான் சுலபமான வழி. கூலருக்கும் பம்பர் உள்சுவருக்கும் இடையில் விரல் நுழையும் இடமெல்லாம் 20 மில்லிமீற்றர் மூடிய துளை ரப்பர் ஃபோம் பட்டியால் அடைக்கலாம். குளியல் ஸ்பொஞ் போன்ற திறந்த துளை ஃபோம் வேண்டாம். உப்புத்தண்ணீரைக் குடித்து வைத்திருந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

கூலரின் முகத்தைத் தோட்டக் குழாயால் பின்பக்கமிருந்து முன்னுக்குக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் வைத்தால் தகடுகள் மடிந்து அடைபடும். மடிந்தவற்றை மெல்லிய பிளாஸ்டிக்கால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம், பொறுமை வேண்டும்.

அடைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே வீதி, ஒரே நேரம், பிற்பகல் இரண்டு மணி. ஓட்டத்தின் முடிவில் முன்பு 62 பாகை, பிறகு 55. வேறு வேறு நாள், ஒரே வண்டி என்பதால் இதைப் பொதுவிதியாக எடுக்க வேண்டாம். ஆனால் மடத்தடிச் சந்தியில் நிற்கும்போது ஏறும் சூட்டுக்கு ஃபோம் ஒன்றும் செய்யாது. ஓடத் தொடங்கினால்தான் இறங்கும்.

திறந்த கூம்பு ஃபில்டர் போடும் பழக்கம் இங்கே நிறைய. என்ஜின் அறையின் சூட்டுக் காற்றைக் குடிக்கும், ஒயில் தடவிய வகை காற்றளவு சென்சரில் படலம் பிடிக்கும். சத்தம் மட்டும் நன்றாக இருக்கும். கொம்பனிப் பெட்டியும் கடதாசி ஃபில்டரும்தான் இந்த வண்டியில் நிற்கின்றன.

ஜூலை: ஒயில், பிளக்

5டபிள்யூ-30, கட்டாயம் ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம், 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. இந்தத் தரம் 2020இல் வந்தது. சிறிய நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில், குறைந்த சுற்றில் பாரம் கூடும்போது கலவை தானாக முந்திப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனை உடைக்கக்கூடிய அடி அது. ஒயில் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை இந்தத் தரத்தில் உண்டு. ஒயில் மட்டும் காப்பாற்றாது: 1500 சுற்றில் உயர் கியரில் மிதிக்காமல், ஸ்டியரிங்கில் உள்ள கியர் சுவிட்சால் ஒரு கியர் இறக்கிவிட்டு மிதிக்க வேண்டும். பிளக் மூன்றும் கொம்பனி இலக்கமே. இரிடியம் முனையைத் தட்டி இடைவெளி மாற்றக் கூடாது, உடையும்.

ஓகஸ்ட்: கட்ச் கான்

நேரடி இன்ஜெக்ஷனில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் போகும், வால்வைக் கழுவாது, ஆகவே ஒயில் ஆவி வால்வின் முதுகில் கரியாகும். உள்ளே தடுப்புத் தகடுள்ள அரை லீற்றர் கான், ஒயில் தாங்கும் நைற்றைல் ஹோஸ். ரேடியேற்றர் ஹோஸ் போட்டால் சில மாதத்தில் ஊதி மெத்தையாகிவிடும். கானிலிருந்து போகும் ஹோஸ் திரும்பவும் உள்வாய்க்கே போக வேண்டும். காற்றில் திறந்துவிட்டால் புகை, மணம், பொலிஸ் மறிப்பில் முதல் கேள்வி.

முதல் பூட்டில் நடந்த பிழை: பற்றரிக்குப் பக்கத்தில் ஹோஸ் மடிந்து ஒடுங்கியது. கிராங்க்கேஸில் அமுக்கம் ஏறி டிப்ஸ்டிக் ஒரு விரல் அளவு மேலே தள்ளப்பட்டு, சுற்றிலும் ஒயில் வியர்த்தது. கானை 10 சென்ரிமீற்றர் நகர்த்தி, மடியும் இடத்தில் வளைவுத் துண்டு போட்டபின் நின்றது. இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை வெறுமையாக்க வேண்டும்.

செப்டெம்பர்: பிரேக், ரயர்

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தரப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 பாகை, ஈரம் ஏறியபின் 155. இந்த ஊர்க் காற்றில் இரண்டு வருடம் என்பது வெளி எல்லை.

ரயர் 185/55ஆர்16, விட்டம் 610 மில்லிமீற்றர். 195/50 போட்டால் 601, மீற்றர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஆபத்தில்லை. 195/55 போட்டால் 621, மீற்றர் 70 காட்டும்போது உண்மையில் 71க்கு மேல். இந்த வண்டியில் கொம்பனி அளவே, பிடிப்புக் கூடிய வகை மட்டும். அளவு மாற்றினால் அதுவும் இன்சூரன்ஸ் கடிதத்தில் போக வேண்டும்.

ஒக்டோபர்: எமிஷன், பெற்றோல், ஈ.சி.யூ

எமிஷனுக்குப் போகுமுன் இருபது நிமிடம் ஓட்டி, என்ஜினை நிறுத்தாமல் வரிசையில் நிற்க வேண்டும். கொன்வேர்ட்டர் ஆறினால் நல்ல வண்டியும் தடுமாறும். ஐட்லிங்கில் ஒருமுறை, 2500 சுற்றில் ஒருமுறை அளப்பார்கள். எரிபொருள் திருத்தம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்த வண்டிக்கு இது சடங்கு மாதிரி முடிந்தது. அந்தச் சான்றும் இன்சூரன்ஸும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரம் வந்துவிடும்.

ஈ.சி.யூ விடயம் கொஞ்சம் விரிவாக. ஜப்பானில் சாதாரணப் பெற்றோல் 89 ஒக்டேனுக்குக் குறையக் கூடாது, உயர் ரகம் 96க்கு. இந்த ஸ்விஃப்ட் சாதாரண ரகத்துக்கு அமைத்தது, ஆகவே எங்கள் 92 போதும். 2016இல் ஜப்பானில் வந்த பலேனோவில் இதே என்ஜின் உயர் ரகப் பெற்றோலில் 111 குதிரைவலுவும் 160 நியூட்டன் மீற்றரும் தந்தது. அதைப் பார்த்து அந்த மப்பை (ஈ.சி.யூவின் எரிபொருள், பற்றவைப்பு அட்டவணையை) இங்கே ஏற்றலாம் என்று தோன்றும். எங்கள் 95 அந்த 96ஐ எட்டாது, வெளிக்காற்றோ 35 பாகை. ஐரோப்பாவில் 98 ஒக்டேனுக்கு எழுதிய மப் இன்னும் மோசம்.

சென்சருக்கும் ஈ.சி.யூவுக்கும் இடையில் பூட்டும் பிக்கிபக் பெட்டி அமுக்க சென்சரின் அளவைக் குறைத்துக் காட்டி ஈ.சி.யூவை ஏமாற்றுகிறது. அதே பொய்யைத்தான் ஈ.சி.யூவின் பாதுகாப்புக் கணக்கும் நம்புகிறது, அதனால் இந்த வண்டிக்கு அது இல்லை. 95 மட்டும் அடித்துப் பார்த்ததில், வெயில் மத்தியானத்தில் 3000 சுற்றில் பற்றவைப்பு இரண்டு பாகை கூட நின்றது. விடிகாலையில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆகவே மே முதல் செப்டெம்பர் வரை 95, மிச்ச மாதம் 92.

டர்போ காற்றை வெளியே சீறவிடும் வால்வு, வெறும் பைப் சைலன்சர் இரண்டையும் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2025 தொடக்கத்தில் பொலிஸார் வீதியில் வைத்தே மேலதிகப் பூட்டல்களைக் கழற்றவைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். டச் பே பக்கம் சத்தம் எழுப்புவதற்காக அந்த நிலைக்குப் போகத் தேவையில்லை.

டிசம்பர்: மழை

ஃபோம் பட்டி ஒட்டு ஓரிடத்தில் விட்டிருந்தது, திரும்ப ஒட்டியாயிற்று. கட்ச் கானில் ஒயிலோடு வெள்ளை நுரை, மழைக்கால ஈரமும் ஊருக்குள்ளேயே ஓடும் குறுந்தூரமும் சேர்ந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. என்ஜின் எர்த் வயரின் முனையில் பச்சைக் களிம்பு. சுரண்டி, வசலின் தடவிப் பூட்டினேன். காற்று ஒழுக்குச் சோதனை திரும்பச் செய்ததில் குமிழி எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் புதுப்பிப்பு மார்ச்சில் வருகிறது, அப்போது பழைய கடிதத்தின் பிரதியும் கூடப் போக வேண்டும்.