விரல்நுனி சொல்லாத களைப்பு

வன்னியில் காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில், வயற்தூசியும் விடியற்காலைப் பனியும் சேர்ந்து முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரரை எமது பிரதேச வைத்தியசாலைக்கு வரிசையாக அனுப்பிவிடும். கொரோனாக் காலத்துக்குப் பின்னர் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கி அனுப்பியவையே அவற்றிற் பல. அதனால், "மிஸ், மிசினிலை 96 காட்டுது, பயமில்லைத்தானே?" என்ற கேள்வியை ஒரு தாதியாக நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, நாடிக் குருதியிலுள்ள ஈமோகுளோபினில் எத்தனை வீதம் ஒட்சிசனைச் சுமக்கிறது என்பதைக் கணிக்கிறது. சுகதேகிக்குப் பொதுவாக அது 95க்கும் 100க்கும் இடையில் இருக்கும். முட்டுத் தொடங்கியதும் சுவாசக் குழாய்கள் ஒடுங்குகின்றன. ஆனால் நோயாளி வேகமாகவும் வலிந்தும் மூச்செடுத்து அந்தக் குறையை ஈடுசெய்வதால், வெகுநேரம் வரை எண் அசையாமலே நிற்கலாம். அதற்காக அவருடைய நெஞ்சுத் தசைகள் படும் பாட்டைக் காட்டும் வசதி அக்கருவியில் கிடையாது.

ஒருமுறை கமக்காரர் ஒருவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி முன்னோக்கிக் குனிந்து, இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். அளவு 95. "இழுப்புச் சத்தம் அடங்கிட்டுது, இப்ப சுகம்போல" என்று மனைவி ஆறுதல் அடைந்தார். எமக்கோ அந்த அமைதிதான் அச்சம் தந்தது. காற்று உள்ளே போய்வருவது மிகவும் குறைந்துவிட்டால் இழுப்புச் சத்தமும் கேட்காது. வேகமாக மூச்செடுக்கும் முட்டுக்காரரின் குருதியில் காபனீரொட்சைட்டு முதலில் குறைந்தே இருக்கும். தசைகள் சோரத் தொடங்கும்போது அது இயல்பு நிலைக்குத் திரும்பிப் பின்னர் உயரும். ஆகவே கடும் முட்டின் நடுவே குருதிப் பரிசோதனை "இயல்பு" என்று வந்தாலும் வைத்தியர்கள் கலங்குவார்கள். ஒட்சிசன் கொடுக்கப்படும் நேரத்தில் இவ்வளவும் நடந்தாலும் விரல் மானி 98ஐக் காட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் கமக்காரருக்கு ஒட்சிசனுடன், சுவாசக் குழாய்களை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை நெபுலைசர் மூலம் புகையாகவும், ஸ்டீரொயிட்டும் கொடுத்து, தாமதமின்றி மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினோம்.

சல்பியூட்டமோல் கொடுத்தவுடன் அளவு ஓரிரண்டு புள்ளி இறங்குவதும் உண்டு. காற்றுக் குறைவாகச் செல்லும் நுரையீரற் பகுதிகளுக்கும் அம்மருந்து குருதியோட்டத்தைக் கூட்டுவதே அதற்குக் காரணம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர் அதை நிறுத்தச் சொல்வது தவறு. மேலும், குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைக் குழப்பும். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை எம்மவர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

எண்ணைத் தூக்கியெறியுங்கள் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. 92க்குக் கீழே இறங்கினால் அது உயிராபத்தின் அறிகுறி. 90க்கும் கீழே போன பின்னர் சரிவு மிக விரைவாக இருக்கும். உள்ளூர்க் கிராமங்களிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குள்ள தூரத்தை நினைக்கையில், அந்த எண் வரும்வரை வீட்டிலிருப்பது எனக்குப் பொறுக்க முடியாததாகத் தோன்றுகிறது. ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, தொண்டைக் குழியும் விலாவும் உள்ளிழுக்கின்றனவா, குழந்தை பால் குடிக்க மறுக்கிறதா என்பவற்றைத் தாய்மாரிடம் முதலில் பார்க்கச் சொல்கிறேன். இவற்றில் ஒன்று இருந்தாலும், பம்பை (இன்ஹேலரை) அடித்தும் மூச்சுக் களைப்புத் தணியாவிட்டாலும், மானி எதைக் காட்டினாலும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, வண்டி வரும்வரை நோயாளியை நிமிர்த்தி இருத்தி, பம்பைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.